ஆழியாறில் ஏறி அதிரப்பள்ளியில் இறங்க

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். போனில் இருக்கும் மேப் இரண்டு மணி நேரம் என்று சொல்லும். பாட்டி, குழந்தைகள், அத்தை, மாமா என்று ஏழு பேர் ஏறிய வண்டிக்கு நான்கு மணி நேரம் என்று வையுங்கள். பிரேக் சூடாவது, குழந்தை வாந்தி எடுப்பது, செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பப்படுவது, இருட்டில் யானைக்கு எதிரே போய் நிற்பது என்று இந்தப் பாதையில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால்தான் வருகின்றன. நேரத்தைக் குறைவாகப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அதனால் திட்டம் போடும்போது கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கை எழுதுங்கள்.

சுற்று இதுதான். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஆழியாறு, அட்டகட்டி வழியாக வால்பாறை. வால்பாறையிலிருந்து சோலையாறு அணை, மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி என்று காட்டுக்குள்ளேயே இறங்கி சாலக்குடி. பிறகு திருச்சூர், பாலக்காடு வழியாக நெடுஞ்சாலையில் கோவை. மொத்தம் ஏறத்தாழ 365 கிலோமீட்டர். ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வண்டியிலேயே உட்கார வேண்டும், எங்கும் இறங்கி நிற்க நேரம் இருக்காது, கடைசி நூறு கிலோமீட்டரைக் களைத்துப்போன டிரைவர் இருட்டில் ஓட்டுவார். வால்பாறையில் ஒரு ராத்திரி தங்குவது குறைந்தபட்சம். வயதானவர்கள் இருந்தால் இரண்டு ராத்திரி.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை இங்கே விடாமல் அடிக்கும். வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் மண்சரிவும் மரம் விழுவதும் சகஜம். குடும்பத்தோடு போக செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். மழை ஓய்ந்து அருவிகளில் தண்ணீர் இருக்கும், தேயிலை பச்சையாக நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் மேலே குளிர்ச்சியாக இருந்தாலும் அதிரப்பள்ளியில் தண்ணீர் மெலிந்துவிடும், கூட்டமும் அதிகம். தொடர் விடுமுறை வந்தால் எந்த மாதமானாலும் தவிர்த்துவிடுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது போல, வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் வந்துவிட்டது. வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பதிந்தால் கிடைத்துவிடும். ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு வந்த பிறகு சிக்னல் தேடிக்கொண்டு நிற்காமல் முந்தின நாளே எடுத்து, ஸ்கிரீன்ஷாட் ஒன்றை போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வேறு வண்டியில் போக முடிவானால் பாஸையும் மாற்றி எடுக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் இவை டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும், ஆனால் காட்டுக்குள் நெட் வராது. ஆப்பை வீட்டிலேயே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். வாடகை வண்டி என்றால் கேரள பெர்மிட் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1-லேயே தடை செய்துவிட்டது. மலையடிவாரச் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் தட்டு, தண்ணீருக்குப் பெரிய கேன், துணிப்பை இருந்தால் அங்கே ஒரு நிமிட வேலைதான்.

வண்டியைக் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முந்தின நாள் காட்டினால், மாற்ற வேண்டிய சாமான் கிடைக்காமல் "இப்படியே ஓட்டிட்டு வாங்க, வந்து பாத்துக்கலாம்" என்றுதான் முடியும். சமவெளியில் ஓட்டும்போது தெரியாத குறைகள்கூட மலையில் தெரிந்துவிடும், அதிலும் பிரேக்.

பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம் பிரேக் ஆயில். இதைப் பலரும் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றுவதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது. புதிய டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரி செல்சியஸாவது வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். தொடர்ந்து பிரேக் மிதித்தபடி இறங்கும்போது சக்கரத்தில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி நிற்கும். பெடலை மிதித்தால் குமிழி நசுங்குமே தவிர அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் இந்தப் பயம் இல்லை. மற்ற செலவுகளோடு பார்த்தால் இதற்கு ஆகும் பணம் மிகக் குறைவு.

டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பிடியுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு அளவுகள் இருக்கும்: ஒன்று இரண்டு மூன்று பேருக்கு, இன்னொன்று முழுப் பாரத்துக்கு. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறும் வண்டிக்கு இரண்டாவது அளவுதான் சரி. பின் சக்கரங்களுக்கு அதில் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஓடிச் சூடான டயரில் காட்டும் அளவு மூன்று நான்கு பாயிண்ட் அதிகமாக இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மழைச் சாலைக்கு 3 மில்லிமீட்டர் இருந்தால்தான் நம்பலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், காற்றையும் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் வண்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிற்காமல் வீட்டு வாசலில் ஒரு நட்டையாவது கழற்றிப் பாருங்கள். கடையில் மெஷின் வைத்து இறுக்கிய நட்டு, கை ஸ்பேனருக்கு அசையாமல் இருப்பது ரொம்ப சாதாரணம். அப்படி இருந்தால் இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பேனர் பிடியில் செருகி அழுத்தினால் இளகிவிடும்.

கூலன்ட் அளவு, வைப்பர் ரப்பர், முன்பின் விளக்குகள், ஹார்ன் இவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். டேங்கைப் பொள்ளாச்சியிலேயே நிரப்புங்கள். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் கார், முழுப் பாரத்தோடு மலையில் 12 கொடுத்தால் நல்லது. மொத்தச் சுற்றுக்கு 25 லிட்டர் கணக்கு வையுங்கள். வால்பாறையில் பங்க் உண்டு. மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் நடுவில் காடு மட்டும்தான்.

ஏற்றம்

பொள்ளாச்சியைக் காலை ஆறரைக்குள் தாண்டிவிட வேண்டும். ஆழியாறு அணை, அதைத் தாண்டிக் குரங்கு அருவி, அப்புறம் வளைவுகள் தொடங்கிவிடும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. குழந்தைகளிடம் எண்ணும் வேலையைக் கொடுத்தால் அவர்கள் கண் வெளியே இருக்கும். அதன் பலனைப் பிறகு சொல்கிறோம்.

வளைவுக்கு வருவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்து வண்டி திணறிய பிறகு கியர் மாற்றினால், கிளட்ச் மிதித்த அந்த நொடியில் வண்டி வேகத்தை முழுக்க இழந்து பின்னால் உருளத் தொடங்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவு உள்வட்டம், செங்குத்தாக இருக்கும். முதல் கியரிலேயே போங்கள். வலப்பக்கம் திரும்புவது வெளிவட்டம், அகலம் அதிகம், இரண்டாவது போதும். கீழிருந்தே மேலே பார்த்து, பஸ்ஸோ தேயிலை லாரியோ இறங்குகிறதா என்று கவனியுங்கள். பஸ் திரும்ப மொத்தச் சாலையும் வேண்டும். அது வளைவில் இருக்கும்போது நீங்கள் பத்து மீட்டர் கீழேயே நின்றுவிட்டால் அவரும் சுலபமாகத் திரும்புவார், நீங்களும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காது. ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சாலை விதி. ஆனால் வளைவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட பெரிய வண்டிக்கு விதியைக் காட்டி லாபமில்லை.

ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஆக்சிலரேட்டரையும் ஹாஃப் கிளட்ச்சையும் வைத்து வண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் எரியும். கருகிய வாடை வந்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் விடுங்கள். கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டிகளிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். சரிவில் ஆக்சிலரேட்டரை மிதித்து நிறுத்தி வைத்தால் அதுவும் எரியும். அந்த வண்டிக்காரர்கள் மேனுவல் மோடுக்கு மாற்றி ஒன்று, இரண்டு என்று கையாலேயே போடுவது நல்லது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். கீழே ஆழியாறு அணையின் தண்ணீரும் அதைச் சுற்றிய தென்னந்தோப்புகளும் தெரியும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் வெகுதூரம் வரை தெளிவாக இருக்கும். இந்தப் பகுதிப் பாறைகளில் வரையாடுகள் நிற்கும். சில நாள் சாலையோரச் சுவர் மேலேயே ஏறி நின்று மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் சாலை வேறு அதிகம் இல்லை. இங்கே இருபது நிமிடம் நில்லுங்கள். வேறு வளைவுகளில் போட்டோவுக்காக நிறுத்தாதீர்கள். சாலை அகன்றிருக்கிற இடம் பார்த்து, மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறவர்களுக்குத் தெரியும்படி நிறுத்துங்கள்.

அட்டகட்டியைத் தாண்டிக் கவர்க்கல் பக்கம் வரும்போது பனிமூட்டம் திடீரென்று இறங்கும். நல்ல வெயிலில் வந்த வண்டிக்கு முன்னால் அடுத்த நிமிடம் பத்தடி சாலைகூடத் தெரியாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம்மில் வையுங்கள், ஃபாக் விளக்கு இருந்தால் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அப்படிச் செய்தால் நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்பக்கம் மூச்சு பட்டு மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏ.சி.யைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிடுங்கள். ஏ.சி. ஈரத்தை இழுத்துவிடும், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். குளிருகிறது என்றால் ஹீட்டரையும் சேர்த்து வையுங்கள்.

வாந்தி

குடும்பப் பயணத்தைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "உடம்பு ஆடுகிறது" என்று சொல்லும்; போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் "ஆடவில்லை" என்று சொல்லும். இந்த முரண்பாடுதான் குமட்டல். வண்டி ஓட்டுகிறவருக்கு இது வராததற்குக் காரணம், அடுத்த வளைவு வருவதை அவர் கண் முன்பே பார்த்துவிடுகிறது. ஆகவே கண்ணை வெளியே, தூரத்தில் வைக்க வேண்டும். வளைவு எண்ணச் சொன்னது அதற்காகத்தான். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். நாம் எல்லோரும் செய்யும் தவறு, குழந்தைகளைக் கடைசி வரிசையில் போடுவது. பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் ஆட்டமும் அதிகம், ஜன்னலும் சிறியது. ஏழு சீட் வண்டியில் கடைசி வரிசைக்கு எதுவும் ஆகாத இளவட்டங்களை அனுப்பிவிட்டு, குழந்தைகளை நடு வரிசைக்குக் கொண்டுவாருங்கள். முன் சீட்டைக் குமட்டல் வரும் பெரியவருக்கோ முழங்கால் வலி உள்ள பாட்டிக்கோ கொடுங்கள்.

வெறும் வயிறும் ஆகாது, நெய் வழியும் பொங்கலும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வண்டியில் தொங்கும் வாசனை டப்பாவைக் கழற்றி டிக்கியில் போடுங்கள். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். உப்பு நாரத்தங்காய், இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் அளவு கேட்டு, மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது மாத்திரையோடு வெளியே வந்துவிடும். இந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஓட்டுபவர் தொடவே கூடாது.

மூடி இறுக்கமாக இருக்கிற பழைய தூக்குப்போசி ஒன்றில் கிழித்த செய்தித்தாளைப் பாதிக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காகிதக் கவர் ஊறிக் கிழிந்துவிடும். போசி கிழியாது, மூடினால் வாடையும் வராது. ஈரத்துண்டு ஒன்று, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், மாற்றுச் சட்டை ஒன்று. மாற்றுச் சட்டை பெட்டிக்கு அடியில் இருந்தால் பயனில்லை, மேலே இருக்கட்டும். ஓட்டுகிறவர் செய்யக்கூடியது இன்னும் பெரிது. வளைவுக்கு முன்பே வேகத்தை முழுக்கக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகத் திருப்பி, வெளியே வந்த பிறகுதான் வேகம் எடுக்க வேண்டும். டேஷ்போர்டில் முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்தால் அது தளும்பாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினால் பின்னால் யாருக்கும் குமட்டாது.

கட்டுச்சோறு

வால்பாறையில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனாலும் மலைச்சாலையில், சில்வர் ஓக் நிழலில் இலை விரித்துச் சாப்பிடும் சுகத்தை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. கெட்டுப்போகாமல் கட்டுவது ஒரு கைவேலை.

பொடி இட்லிதான் காலைக்கு. இருபது இட்லிக்கு ஐந்து மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடி, அதே அளவு நல்லெண்ணெய். இட்லியைத் தட்டிலிருந்து எடுத்துச் சூடு முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு பொடி தடவி டப்பாவில் அடைத்தால் ஆவி வேர்த்து இட்லி மேல் நீர் கோத்து, மத்தியானத்துக்குள் கொழகொழத்துவிடும். ஆறிய இட்லியின் இரண்டு பக்கமும் பொடி எண்ணெயை விரலால் தேய்த்து, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்கிக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், பத்து மணிக்கே புளித்துவிடும்.

மத்தியானத்துக்குத் தயிர்சாதம். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர் ஊற்றி, தயிர் இரண்டே கரண்டி சேர்த்துக் கிளறுங்கள். கட்டும்போது பால்சோறு போலத் தளர்ந்து இருக்கும். மத்தியானம் திறக்கும்போது வண்டியின் சூட்டில் அதுவே உறைந்து, புளிக்காத தயிர்சாதமாக நிற்கும். தயிரை அதிகம் ஊற்றிக் கட்டினால் ஒரு மணிக்கு வாயில் வைக்க முடியாது. புளியோதரைக்குப் புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சி, முழுக்க ஆறிய சோற்றில் பிசைய வேண்டும். மறுநாள் காலைவரை தாங்கும்.

சாப்பிடும் இடத்தில் குரங்கு இருந்தால் அடுத்த இடம் பாருங்கள். ஒரு வாழைப்பழத்தைக்கூடப் போடாதீர்கள். புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் சாலைக்கே வரும். கருத்த உடம்பும் முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியுமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. அவை ரோட்டில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், தலைக்கு மேலே பார்த்தால் தெரியும். கார்களிலிருந்து சோறு விழும் என்று பழகிய மந்தி, பாலத்தை விட்டுச் சாலையில் காத்திருக்கும். அப்படித்தான் அடிபட்டுச் சாகின்றன.

யானை, அட்டை, ஆறு

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலைக்காடுகள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யானைகள் தோட்டம் வழியாக நடக்கும். பக்கத்தில் யானை நின்றால் எச்சரிக்க, தோட்டச் சாலைகளில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் மேற்கொண்டு போகாதீர்கள். சாலையில் யானையைப் பார்த்தால் நூறு மீட்டருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள். ஹார்ன் வேண்டாம், விளக்கை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். பின்னால் வரும் வண்டியை ஒட்டி நிற்க விடாமல் கையால் சைகை காட்டுங்கள். திரும்பிப் போக ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் கடந்தும் விடும், ஒரு மணி நேரம் நின்றும் மேயும். இந்த ஒரு மணி நேரம் உங்கள் திட்டத்தில் இருந்தால் யாரும் பதற்றப்பட மாட்டார்கள்.

மாலை ஐந்தரைக்கு மேல் தோட்டத்துக்குள் நடக்கவோ, குழந்தைகளைத் தங்கும் வீட்டு வாசலில் விளையாட விடவோ வேண்டாம். இங்கே சிறுத்தை நடமாட்டம் எப்போதும் உண்டு. தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைகளை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன.

மழை ஈரம் இருக்கும் மாதங்களில் புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். பிடித்து இழுத்தால் கடிவாய் கிழிந்து ரத்தம் அதிகம் வரும். விரல் நகத்தைத் தோலை ஒட்டிச் செருகி மெல்ல நகர்த்தினால் பிடி விட்டுவிடும். ஷூவுக்குள் போடும் சாக்ஸை வெளியே இழுத்துப் பேண்ட் மேல் ஏற்றிவிட்டு, உப்புத்தூளைத் தடவுங்கள். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும்; அட்டை எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ஆற்றுக்கு. கூழாங்கல் ஆறு பெயருக்கேற்றபடி உருண்ட கற்களால் ஆனது. முழங்கால் அளவுத் தண்ணீரில் பாசி பிடித்த கல் வழுக்கினால் அடுத்த அடியே ஆழம். மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதியில் ஆற்றில் இறங்கிய கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நண்பர்களாகப் போகும் கூட்டங்களிடம் இதைக் கெஞ்சியே சொல்ல வேண்டியிருக்கிறது: தண்ணீரைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள்.

இறக்கம்

வாழச்சால் காட்டுக்குள் போவதானால் வால்பாறையைக் காலை ஏழரைக்குள் விடுங்கள். மளுக்கப்பாறையில் தமிழ்நாட்டுச் சாவடியும் கேரள வனத்துறைச் சாவடியும் உண்டு. வண்டி நுழைந்த நேரத்தை எழுதிக்கொள்வார்கள், அந்தப் பக்கம் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்றும் சொல்வார்கள். நடுவில் நிறுத்தி இறங்கக் கூடாது. மாலை நெருங்கிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மழைக்காலத்தில் சாலை மூடப்படுவதுண்டு. பைக்குக்குக் கட்டுப்பாடும் அடிக்கடி வரும். தங்கியிருக்கும் இடத்தில் முந்தின ராத்திரியே விசாரித்துவிட்டால் வீணாக 26 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டாம். கழிப்பறை வேலையை எல்லோரும் மளுக்கப்பாறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளட்டும். இனி இரண்டு மணி நேரம் மரம், மூங்கில், பெரிங்கல்குத்து நீர்த்தேக்கம், சில நேரம் மேலே இருவாச்சியின் இறக்கை இரைச்சல். ஜன்னலைத் திறந்து, பாட்டை நிறுத்திவிட்டால் அது கேட்கும். கரியைப் பற்றவைக்கும் துருத்தி போல, ஒவ்வொரு அடிப்புக்கும் புஸ் புஸ் என்று.

இங்கே இறங்கினாலும், வந்த வழியே ஆழியாறுக்கு இறங்கினாலும் முறை ஒன்றுதான். எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரில் இறங்குங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். இன்றைய வண்டிகளில் கியர் போட்டபடி, ஆக்சிலரேட்டர் தொடாமல் இறங்கினால் கம்ப்யூட்டர் எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குவது இதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல் மாதிரி இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே விட்டால் அது மேல் கியருக்குத் தாவிவிடும். எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள்.

பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். சக்கரம் ஆற நேரம் கிடைக்கும். கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் சூடான டிரம்மில் கட்டை ஒட்டிக்கொள்ளக்கூடும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் உதறும். அரை மணி நேரம் போதும். காட்டுச் சாலையில் நிற்க நேர்ந்தால் எல்லோரும் வண்டிக்குள்ளேயே இருங்கள், கல் வைக்க ஒருவர் இறங்கினால் போதும்.

இரண்டு வண்டியாகப் போனால் ஒன்றை ஒன்று துரத்த வேண்டாம். ஆழியாறு செக்போஸ்ட், ஒன்பதாவது வளைவு, அட்டகட்டி டீக்கடை, மளுக்கப்பாறை, வாழச்சால் என்று சேரும் இடங்களைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்னால் போனவர் அங்கே நிற்பார், அவ்வளவுதான். காட்டில் போன் எடுக்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு எவ்வளவு நிம்மதி என்று தெரியும். பொதுச் செலவுக்கு முதலிலேயே தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். டீக்குப் பத்து ரூபாய் யார் கொடுத்தது என்ற பேச்சு வராது.

வாழச்சால் சாவடியைத் தாண்டினால் அதிரப்பள்ளி. அருவியின் உயரம் எண்பது அடி. மேலிருந்து பார்க்க ஐந்து நிமிட நடை. அடிவாரத்துக்கு இறங்கும் பாதை செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் மேலேயே நின்றுவிடலாம், காட்சியில் குறைவு இருக்காது. சாலக்குடிக்கு வந்து சாப்பிட்டதும் ஓட்டுபவரை மாற்றுங்கள். மலையில் மூன்று மணி நேரம் விழிப்பாக ஓட்டியவர், நேரான நான்குவழிச் சாலைக்கு வந்ததும் வயிறு நிறைந்த மத்தியானத்தில் கண் அசந்துவிடுவார். மாற்ற ஆள் இல்லையென்றால் சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கட்டும். திருச்சூர் தாண்டிக் குதிரான் சுரங்கம் வரும்போது கூலிங் கிளாஸைக் கழற்றி, ஹெட்லைட்டைப் போடுங்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழையும் முதல் சில நொடிகள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி அப்போது கூடுதலாக இருக்க வேண்டும்.